காத்தான் வீட்டுத் தொட்டி

ஒரு ஊர்ல ஒரு சுவர் இருந்துச்சு, விரலை வச்சா விரல் உள்ள போச்சு.

"ஐயய்யோ, இன்னும் இறுகலையே!"ன்னு காத்தான் கையை வெடுக்குனு இழுத்தான். இழுத்த கையோட சுவரும் கொஞ்சம் வந்துச்சு, நுங்கு மாதிரி கொழகொழன்னு. வலது பக்கம் பார்த்தான். அது பக்கத்து வீட்டு வெள்ளையம்மா கட்டின சுவர். தட்டினா டங்கு டங்குங்குது, கல்லு. இடது பக்கம் பார்த்தான். அது மருதப்பன் சுவர். மருதப்பன் இப்போ இல்ல, அதனால அந்தச் சுவரும் இவன் தலையில. அதுவும் கொழகொழ.

அப்போ பார்த்து அடியிலேர்ந்து ஒரு அசைவு. கட... கட... கடகட. ஊரே மேல ஏற ஆரம்பிச்சிடுச்சு.

ம் கொட்டு தாமரை. கொட்டலைன்னா அக்கா திரும்பிப் படுத்துடுவேன்.

"ம்."

எந்த ஊருன்னு நீ கேட்டிருக்கணும். கேக்கல. நானே சொல்றேன். உன் வாயில கீழ் ஈறு இருக்கில்ல, அதுக்கு அடியில இருந்துச்சு அந்த ஊரு. ஏய், நாக்கை விட்டுத் துழாவாதே. இப்போ அங்க ஊரும் இல்ல, ஆளும் இல்ல. ஏன் இல்லங்கறதுதான் கதையே.

அந்த ஊர்ல எல்லாரும் நெட்டை. நெட்டையா, ஒல்லியா, தோளோட தோள் இடிச்சுக்கிட்டு வரிசையா நிப்பாங்க. உக்காரக் கூடாது, படுக்கக் கூடாது. ஆளும் வீடும் அங்க ஒண்ணுதான், நத்தை மாதிரி. ஒவ்வொருத்தருக்கும் முன்வாசல் ஒண்ணு, பின்வாசல் ஒண்ணு. முன்வாசலைத் திறந்தா செவப்பு ஆறு. அது நம்ம ரத்தம்தான், குளுகுளுன்னு ஓடிக்கிட்டே இருக்கும். பின்வாசலைத் திறந்தா சுவர். அந்தச் சுவர் எது தெரியுமா? பால்பல் விழுந்தப்புறம் வர்ற பல்லோட மேல்பூச்சு. பளபளன்னு இருக்குமே, அது.

"ம்."

சுவரை எடுத்த எடுப்புல கல்லா கட்ட முடியாது. முதல்ல எல்லாரும் நுங்கு மாதிரி ஒண்ணைப் பின்வாசல் வழியா ஊத்துவாங்க. ஊத்த ஊத்த சுவர் உயரும், ஆளுங்க சுவரை விட்டுத் தள்ளித் தள்ளி நகருவாங்க. வேணுங்கற உயரம் வந்ததும் நிறுத்திடுவாங்க. அப்புறம்தான் அசல் வேலை. ஆத்துல சுண்ணாம்பு மிதந்து வரும். வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு இல்லடி. பால்ல இருக்கு, கேழ்வரகுல இருக்குன்னு அம்மா கத்தி கத்தி ஊட்டுவாங்களே, அந்தச் சுண்ணாம்புச் சத்து. அதை முன்வாசல்ல வாங்கி, வீட்டுக்குள்ள கொண்டுபோய், பின்வாசல் வழியா சுவருக்குள்ள திணிக்கணும். நுங்கு கரைஞ்சு போகும், சுண்ணாம்பு உள்ள உக்காரும். சுவர் கல்லாகும்.

கேக்க லேசா இருக்கில்ல? இல்ல.

சுண்ணாம்பு பொல்லாதது. வீட்டுக்குள்ள அது திறந்தபடி நடமாடவே கூடாது. நடமாடினா தொட்ட இடமெல்லாம் சுர்ருனு வெந்து போகும். அதனால ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் ஒரு தொட்டி வச்சிருந்தாங்க. சதுரத் தொட்டி இல்ல. குடல் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு, முன்வாசல்லேர்ந்து பின்வாசல் வரைக்கும் போற மூடின தொட்டி. முன்வாசல்ல வந்த சுண்ணாம்பு சட்டுனு தொட்டிக்குள்ள இறங்கிடணும். அப்படியே வளைஞ்சு போய் பின்வாசல்கிட்ட ஏறணும். பின்வாசல்ல ஒரு பண்டமாற்று நடக்கும். வெளிய இருக்கற உப்பு உள்ள வரும், அது வர்ற வேகத்துல சுண்ணாம்பு வெளிய தள்ளிக்கிட்டுப் போகும்.

இதுல பெரிய விஷயம் முன்வாசல். அது நம்ம இஷ்டத்துக்குத் திறக்காது. தொட்டிக்குள்ள ஒரு காவக்காரன் இருந்தான். வீட்டுக்கு ஒருத்தன், எல்லாருக்கும் சடையன்னுதான் பேரு. எப்பவும் தூக்கம். கையைத் தொட்டிக்குள்ள முக்கிக்கிட்டே தூங்குவான். கையில சுண்ணாம்பு பட்டுக்கிட்டே இருக்கற வரைக்கும் கொர்ர்ர்... கொர்ர்ர்...

"நம்ம சீனி மாமா மாதிரியா?"

அதே மாதிரி. தொட்டி வத்தி கை காய்ஞ்சா மட்டும் திடுக்குனு முழிப்பான். முழிச்சதும் ஒரே ஓட்டம், தொபுதொபுன்னு முன்வாசலுக்கு. டொக் டொக் டொக்குன்னு உள்பக்கமா தட்டுவான். அவன் தட்டினாதான் வாசல் திறக்கும். ஆத்துச் சுண்ணாம்பு சொய்ங்குனு உள்ள வரும். தொட்டி நெறையும். சடையன் திரும்ப வந்து கையை முக்குவான், தூங்கிடுவான், வாசல் சாத்திக்கும்.

புரிஞ்சுதா? தொட்டி காலியானாதான் வாசல் திறக்கும். நெறைஞ்சிருந்தா திறக்காது. அந்த ஊர் வழக்கம் அது.

"ம்."

இப்போ காத்தானுக்கு வருவோம். அவன் சுவர் ஏன் இறுகல? ஏன்னா அவன் தொட்டி நெறைஞ்சிருந்துச்சு. விளிம்பு வரைக்கும். அவன் ஒரு துளிகூட பின்வாசல் பக்கம் விடல. ஊர்ல எல்லாரும் வேலை செய்யறப்போ இடுப்புத் துணிக்கு மடிப்பு மடிப்பா கொசுவம் வச்சுக்குவாங்க. கொசுவம் வச்சு நின்னா சுண்ணாம்பு தள்ளுறாங்கன்னு அர்த்தம். தள்ளத் தள்ள புளிச்ச தண்ணி சுரக்கும். அப்போ கொசுவத்தை அவுத்துட்டு வழவழன்னு நிப்பாங்க, புளிப்பு வடியட்டும்னு. மறுபடி கொசுவம், மறுபடி வழவழ. வரிசை முழுக்க அலை மாதிரி அடிச்சுக்கிட்டே போகும். காத்தானும் எல்லாரோடயும் கொசுவம் வச்சான், எல்லாரோடயும் அவுத்தான். ஆனா பின்வாசலை உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டிருந்தான். வேலை செய்யற மாதிரி நின்னான், அவ்வளவுதான்.

"திருட்டுப் பய."

திருட்டுப் பய இல்ல. பயந்த பய. ரெண்டும் வேற. கேளு.

உனக்கு மூணு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. உனக்கு ஞாபகம் இருக்காது. பால் குடிச்சா வாந்தி, கஞ்சி குடிச்சா வாந்தி. அம்மா உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டே இருப்பாங்க. அப்போ அந்த ஊர்லயும் காய்ச்சல். ஆறு கொதிச்சுது. கொதிச்ச ஆத்துல சுண்ணாம்பு வரத்து குறைஞ்சுது. எல்லாரும் கையைச் சுருக்கிக்கிட்டாங்க. மருதப்பன் மட்டும் சுருக்கல.

மருதப்பன் காத்தானுக்கு இடது பக்கத்து ஆளு. சிரிச்சுக்கிட்டே இருப்பான். வேலை நடக்கறப்போ காத்தான் விலாவுல இடிச்சு, "என்னடா மாப்ள, உன் சுவர் கோணலா போவுது"ன்னு வம்பு இழுப்பான். ஒண்ணும் கோணலா இருக்காது.

அன்னைக்கு மருதப்பன் தொட்டி வத்திப் போச்சு. காத்தான் சொன்னான், "டேய், போதும்டா, பின்வாசலைச் சாத்து."

"எதுக்கு? வத்தினாதானேடா சடையன் முழிப்பான்? ஆறுதானே, வரும்டா."

அவன் வீட்டு சடையன் முழிச்சான். டொக் டொக் டொக். வாசல் திறந்துச்சு. மருதப்பன் வாசல்ல நின்னான். ஆத்துல ஒண்ணும் வரல. "வரும்டா"ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி, "வரும்டா மாப்ள." தொட்டி வறண்டா அந்த ஊர்ல ஆளுக்கு எதுவுமே ஓடாது. வீட்டுக்குள்ள ஒவ்வொரு வேலையா நின்னுச்சு. கடைசியா அவன் "வரும்"னு மட்டும் சொன்னான், "டா"வைக் காணோம். அப்புறம் சொத்துனு சுருங்கி, வரிசையிலேர்ந்து உதிர்ந்துட்டான்.

...

தாமரை, ம் சொல்லு.

"ம். செத்துட்டானா?"

செத்துட்டான். இதுல வேற வார்த்தை போட எனக்குத் தெரியாது.

அவன் நின்ன இடத்துல சந்து விழுந்துச்சு. அப்படியே விடக் கூடாது, புளிச்ச தண்ணி வேண்டாத பக்கம் போயிடும். காத்தான் உடம்பை அகட்டி அந்தச் சந்தையும் அடைச்சுக்கிட்டு நின்னான். அப்படித்தான் மருதப்பன் சுவர் இவன் தலையில வந்துச்சு.

அப்புறம் காய்ச்சல் விட்டுச்சு. ஆறு ஆறிப் போச்சு. அதுக்கப்புறம்தான் காத்தான் தொட்டி வத்துச்சு, வாசல் ஒரே ஒரு தடவை திறந்துச்சு, தொட்டி நெறைஞ்சுது. அன்னைக்குப் போட்டான் பின்வாசலுக்குத் தாழ்ப்பாள். 'இனிமே என் தொட்டி வத்தவே வத்தாது. நான் மருதப்பன் மாதிரி வாசல்ல நின்னு வரும்டா வரும்டான்னு சாக மாட்டேன்'னு மனசுக்குள்ள முடிவு கட்டிட்டான்.

அவன் பயத்துல அர்த்தம் இருந்துச்சு. ஆனா சுவர் இறுகல. இப்போ ஊர் வேற மேல ஏறுது. மேல ஏறினா ஈறு கிழியும், பல்லு வெளிய வரும். வெளிய என்ன காத்திருக்கு? முறுக்கு. கமர்கட்டு. புளியங்கா. நீ பென்சிலைக் கடிப்ப. நுங்கு மாதிரி இருக்கற சுவர் முதல் முறுக்குக்கே பொடிஞ்சிடும். பொடிஞ்சா யாரும் வந்து கட்ட மாட்டாங்க. முட்டி கிழிஞ்சா தோல் வளருது. கை உடைஞ்சா எலும்பு கூடுது. பல்லோட மேல்பூச்சு மட்டும் போனா போனதுதான். ஏன்னா பல்லு வெளிய வர்றப்போ அதைக் கட்டின அத்தனை பேரும் உதிர்ந்துடுவாங்க. ஒரு ஆள்கூட மிச்சம் இருக்க மாட்டாங்க.

அதான் அவனுக்கு அவசரம். அவனுக்குத் தொட்டியும் நெறைஞ்சிருக்கணும், சுவரும் இறுகணும். ரெண்டும் வேணும்.

அப்போ என்ன பண்ணான்? முதல்ல வெள்ளையம்மா பக்கம் திரும்பினான்.

"அக்கா, ஒரு கை சுண்ணாம்பு கைமாத்தா குடேன்."

வெள்ளையம்மா மேலயும் கீழயும் பார்த்தா. "ஏன்டா, உன் தொட்டி தளும்புற சத்தம் எனக்கு ராத்திரி பகலா கேக்குது. அதை வச்சுக்கிட்டு யாருக்குச் சீர் செய்யப் போற?"

"அது இருக்கட்டும்க்கா. நீ குடு."

தோள் இடுக்கு வழியா ஒரு கை குடுத்தா. காத்தான் தொட்டியில போடலாம்னா இடமில்ல, தளும்புது. சரி, கையிலயே ஏந்திக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து பின்வாசலுக்குப் போயிடுவோம்னு நெனச்சான். ரெண்டு அடி வச்சான். சுர்ர்ர்! கை வெந்துச்சு. சுர்ர்ர்! தரை வெந்துச்சு. வீடு முழுக்க ஒரே களேபரம், வேண்டாத விளக்கெல்லாம் எரியுது, தூங்கற மணியெல்லாம் அடிக்குது. "ஐயோ அம்மா"ன்னு அலறிக்கிட்டு அத்தனையும் வாரி வெளிய கொட்டிட்டான். சுவருக்கு ஒரு துளி சேரல.

"திறந்து தூக்கிட்டுப் போனியா? புத்தி இருக்காடா உனக்கு?"ன்னா வெள்ளையம்மா.

"ம்."

நீ சொன்னியா, அவன் சொன்னானா?

"நான்தான்."

சரி. அப்புறம் ரெண்டாவது, முன்வாசல்கிட்ட போனான். அந்தப் பக்கம் ஆறு ஓடற சத்தம் கேக்குது, குளுகுளு குளுகுளு. தோளைக் குடுத்து முட்டினான். தொம்! திறக்கல. பின்னாடி போய் ஓடி வந்து முட்டினான். தொம்ம்! தோள்தான் வீங்குச்சு. நகத்தால நெம்பினான், நகம் போச்சு. அந்த வாசலுக்கு வெளிய கைப்பிடி கிடையாது, உள்ளயும் கிடையாது. சடையன் தட்டினா திறக்கும். அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும்.

அப்புறம் மூணாவது. "சடையனை ஏமாத்திடுவோம்"னு தொட்டிப் பக்கம் போனான். சடையன் கொர்ர்ர். காத்தான் அவன் காதுகிட்ட குனிஞ்சு, "சடையா, சடையா, தொட்டி காலிடா"ன்னான்.

"ஈரமா இருக்கே..." கொர்ர்ர்.

"காலிங்கறேன். எந்திரி!"

"கையில ஒட்டுதே..." கொர்ர்ர்.

காத்தான் அவன் கையைப் பிடிச்சுத் தூக்கித் துணியால துடைக்கப் பார்த்தான். அந்தக் கை வர்றதுக்கே இல்ல. சடையன் பொறந்ததே அந்தத் தொட்டியில, கை உள்ள, கால் வெளியன்னு. காதால கேட்டு முழிக்கற ஆளு இல்ல அவன். கையால கேக்கற ஆளு. அவன்கிட்ட பொய் எடுபடாது.

காத்தான் அப்படியே நின்னுட்டான். கட... கட... கடகடகட. ஊர் இன்னும் கொஞ்சம் ஏறுச்சு.

வெள்ளையம்மா இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கிட்டுதான் இருந்தா. கொசுவத்தை அவுத்து வழவழன்னு நின்னுக்கிட்டு, கொஞ்சம் மெதுவா பேசினா.

"காத்தான். தாழ்ப்பாளைத் திறடா. தொட்டியைக் காலி பண்ணு."

"மாட்டேன்."

"வேற வழி இல்ல."

"அவன் அப்படித்தானேக்கா செத்தான்?"

"ஆமா. அப்படித்தான் செத்தான்."

காத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இல்லன்னு அவ சொல்லுவான்னு நெனச்சான்.

"அன்னைக்கு ஆத்துல இல்ல"ன்னா வெள்ளையம்மா. "இன்னைக்கு இருக்கு. என் வாசல் திறக்குது, வருது. உன் வாசல் திறக்கறப்போ வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. சத்தியம் பண்ணச் சொல்லாதே. பண்ண மாட்டேன்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நீயும் போவ. தொட்டி நெறைய வச்சுக்கிட்டு நின்னாலும் இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாரும் போகத்தான் போறோம். ஊர் ஏறுதே, தெரியலையா? அப்போ அந்தத் தொட்டியை எங்கடா கொண்டுபோவ?"

காத்தான் இடது பக்கம் திரும்பி மருதப்பன் சுவர்ல கை வச்சான். கை முழங்கை வரைக்கும் உள்ள போச்சு. சளக். உள்ள ஒண்ணுமே இல்ல. மருதப்பன் காய்ச்சல்லயும் தன் தொட்டியை வழிச்சு வழிச்சுத் திணிச்சானே, அது மட்டும் அடியில மணல் மாதிரி நறநறன்னு விரல்ல தட்டுச்சு. அவ்வளவுதான் மிச்சம்.

அதைத் தடவிப் பார்த்துட்டுப் பின்வாசல் தாழ்ப்பாள்கிட்ட போனான்.

"ம்... அக்கா, திறந்தானா?"

திறந்தான். தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு, க்றீச்னு சத்தம். உப்பு சர்ருனு உள்ள வந்துச்சு, சுண்ணாம்பு சர்ருனு வெளிய போச்சு. தொட்டி இறங்க ஆரம்பிச்சுது. ஒரு விரக்கடை இறங்குச்சு. ஒரு முழம் இறங்குச்சு. "போதும், சாத்திடுவோம்"னு தாழ்ப்பாள்ல கை வச்சான். வச்ச கையை எடுத்துட்டான். பாதி ஆச்சு. பாதிக்குக் கீழ போச்சு. அடி தெரிஞ்சுது. தாழ்ப்பாள் போட்ட நாள்லேர்ந்து அவன் தன் தொட்டியோட அடியைப் பார்த்ததே இல்ல. வெறும் தரைதான். அதுக்காகத்தான் பயந்தோமான்னு தோணுச்சு. உடனே மறுபடி பயந்தான்.

சடையன் கொறட்டை நின்னுச்சு.

"யார்ரா அது?"ன்னு கண்ணைக் கசக்கிக்கிட்டு எந்திரிச்சான். கையைத் தூக்கிப் பார்த்தான், காய்ஞ்சு கிடக்கு. "அடேய், இம்மாம் நேரமா என்னைத் தூங்க விட்ட? மனுஷனாடா நீ?"

"கத்தாதே. போய்த் தட்டு."

தொபுதொபுதொபு. டொக் டொக் டொக்.

வாசல் திறந்துச்சு.

ஒண்ணும் வரல.

காத்தான் வாசல்ல நின்னான். மருதப்பன் நின்ன அதே மாதிரிதான் நின்னான். வீட்டுக்குள்ள ஒரு வேலை நின்னுச்சு. இன்னொரு வேலை நின்னுச்சு. வாயைத் திறந்து "வரும்"னு சொல்லலாமான்னு பார்த்தான். சொல்லல.

அப்புறம்...

"அக்கா!"

இரு. அப்புறம் கால்ல ஏதோ சில்லுனு பட்டுச்சு. சொய்ங். குனிஞ்சு பார்க்கறதுக்குள்ள சொய்ங், சொய்ங், சொய்ய்ய்ங்! சுண்ணாம்பு! முட்டி மோதிக்கிட்டு உள்ள வருது. தொட்டி வளைவுல வளைஞ்சு, பின்வாசல்ல ஏறி, சுவருக்குள்ள சரக் சரக்குனு உக்காருது. காத்தான் அழுதான். அழுதுக்கிட்டே வேலை செஞ்சான்.

அதுக்கப்புறம் அவன் நிறுத்தல. தொட்டி நெறையும், சடையன் தூங்குவான். காத்தான் காலி பண்ணுவான், சடையன் திட்டிக்கிட்டே எந்திரிப்பான். "ஒரு கண்ணு மூடி ஒரு கண்ணு திறக்கறதுக்குள்ள எழுப்பிடறியே பாவி! முன்ன தூங்கியே செத்தேன், இப்போ தூங்காம சாகப்போறேன்!" டொக் டொக் டொக். ஒவ்வொரு தடவை வாசல் திறக்கறப்பவும் காத்தான் வருதா வருதான்னு ஆத்தை எட்டிப் பார்ப்பான். அந்தப் பயம் போகவே இல்ல. போச்சுன்னு சொன்னா அது பொய். பயந்துக்கிட்டேதான் காலி பண்ணான்.

அவன் சுவர் இறுகுச்சு. நுங்கு போய்த் தேங்கா மாதிரி ஆச்சு. தேங்கா போய் ஓடு மாதிரி ஆச்சு. ஓடு போய்க் கல்லாச்சு. வெள்ளையம்மா கையை நீட்டித் தட்டிப் பார்த்தா. டங்கு. "பரவால்லடா, கோணலா இருந்தாலும் கெட்டியாதான் இருக்கு"ன்னா.

"எங்க கோணல்?"

"சும்மா சொன்னேன்டா."

அப்புறம் காத்தான் மருதப்பன் சுவருக்குத் திரும்பினான். அடியிலேர்ந்து ஆரம்பிச்சான். மணல் மாதிரி கிடந்துச்சே மருதப்பன் போட்டது, அது மேலயே போட்டான். அது பாட்டுக்கு ஒட்டி ஒட்டி வளர்ந்துச்சு. அடி இறுகுச்சு. நடு இறுகுச்சு. மேல் ஓரம்தான் பாக்கி.

"ம்..."

தூங்கிட்டியா?

"இல்ல. மேல் ஓரம் பாக்கி."

ஆமா. அப்போதான் சொல்லு வந்துச்சு.

அந்த ஊர்ல தலைவர் கிடையாது, தண்டோரா கிடையாது. ஏதாவது சொல்லணும்னா வரிசையோட ஓரத்துலேர்ந்து ஒரு சொல்லு கிளம்பும். தோள்லேர்ந்து தோளுக்கு வரும். வந்த சொல்லைக் கேட்டு அது சொன்னபடி செய்யணும், அடுத்த தோளுக்கும் குடுத்துடணும். வச்சுக்கக் கூடாது. அன்னைக்கு வந்த சொல்லு, 'விடு'.

விடுன்னா சுவரை விடு. கையை எடு. பல்லு வெளிய போகப் போகுது, வேலை தீர்ந்துச்சு, உதிர்ந்து போ.

தூரத்துல ஒருத்தர் விட்டாங்க. தொப். அடுத்து ஒருத்தர். தொப். தொப். தொப். யாரும் அழல, யாரும் கத்தல. நின்னு நின்னு கால் வலிச்சவங்க உக்காந்த மாதிரி விழுந்தாங்க. மேல ஈறு மெலிசாகி மெலிசாகி, ரோஸ் கலர்ல ஒரு வெளிச்சம் தெரிய ஆரம்பிச்சுது. அவங்க யாரும் அதுக்கு முன்னாடி வெளிச்சத்தையே பார்த்ததில்ல.

சொல்லு வெள்ளையம்மாகிட்ட வந்துச்சு. அவ காத்தான் பக்கம் திரும்பினா.

"விடுடா."

"இன்னும் ஓரம் இருக்குக்கா."

"கொஞ்சம்தானே. உன் சுவர் கல்லாயிடுச்சு. நீ செய்ய வேண்டியதைச் செஞ்சுட்ட."

"அவன் சுவர் ஆகலையே."

"எல்லாரும் விடறப்போ விடணும்டா. இதுல பேச்சு கிடையாது." அப்புறம் குரலை இறக்கிக்கிட்டா. "வா. நான் தனியா போக மாட்டேன்னு சொல்லல. சேந்து போனா நல்லா இருக்கும்."

காத்தான் தலையை ஆட்டினான். சரின்னு ஆட்டினானா மாட்டேன்னு ஆட்டினானான்னு அவளுக்குத் தெரியல. அவ கொசுவத்தைக் கடைசியா ஒரு தடவை அவுத்து, வழவழன்னு நின்னு, அவன் தோளை ஒரு தட்டு தட்டினா. தொப்.

காத்தான் சொல்லை வச்சுக்கல. இடது பக்கம் எட்டி, மருதப்பன் சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளுக்கு 'விடு'ன்னு குடுத்தான். அவங்க விட்டாங்க. சொல்லு போயிடுச்சு. ரெண்டு பக்கமும் காலி. காத்தான் மட்டும் அகட்டி நின்னுக்கிட்டு தொட்டியைக் காலி பண்ணிக்கிட்டு இருந்தான். டொக் டொக் டொக். "இன்னுமாடா?"ன்னான் சடையன். "இன்னும்"னான். மேல ஈறு பிளந்துச்சு.

"அக்கா... அப்புறம் அவன் செத்துட்டானா?"

செத்துட்டான். விட்டவங்களும் செத்தாங்க, இவனும் செத்தான். அந்த ஊர்ல அதுக்கு மாத்து இல்ல.

"ஓரம்? ஓரம் இறுகுச்சா?"

முழுசா இறுகல. நடுவுல நேரம் போயிடுச்சு. ஒரு எள்ளளவுக்கு வெள்ளையா ஒரு புள்ளி நின்னுடுச்சு. ஆனா பொடியற மாதிரி இல்ல. நீ இத்தனை முறுக்கு கடிச்சும் அது அப்படியேதான் இருக்கு.

"என் பல்லுலயா?"

காலைல பல் தேய்க்கறப்போ பாத்துக்க. இப்போ வாயைத் திறக்காதே. கதை கரை சேர்ந்துச்சு, நீயும் கண்ணை மூடிக் கரை சேரு.

"ம்... அக்கா."

என்ன?

"அவன்கிட்ட என்ன சொன்னாங்க?"

விடுன்னு சொன்னாங்க.

"அவன்?"

விடல.